புதிய பம்ப் ஆக்‌ஷன் துப்பாக்கி வாங்குவோருக்கு: உரிமம் முதல் பெட்டிப் பூட்டு வரை

அம்பாசமுத்திரம், களக்காடு பக்கத்துத் தோட்டக்காரர்கள் சிலருக்குத் துணையாக ஆட்சியர் அலுவலகத்துக்கும் துப்பாக்கிக் கடைக்கும் பல முறை போய்வந்திருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் இடறியது ஒரே இடத்தில்தான். வெளிநாட்டு வேட்டைக்காரர்களின் காணொளிகளைக் கைப்பேசியில் பார்த்து, இன்ன துப்பாக்கிதான் என்று மனத்தில் முடிவுசெய்துவிட்டு, அதன்பிறகே சட்டத்தையும் தம் தோள் அளவையும் பார்க்கத் தொடங்கினார்கள். ஆகவே இங்கே வரிசையை மாற்றி வைத்திருக்கிறேன். குழலுக்கு அடியில் உள்ள முன்கட்டையைக் கையால் இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் பம்ப் ஆக்‌ஷன் துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்கும் வேலை நான்காவது படியில்தான் தொடங்கும்.

1. எதற்காக என்பதை ஒரு தாளில் எழுதுங்கள்

‘பொதுவா வேட்டைக்கு ஒரு துப்பாக்கி’ என்று கடையில் வந்து கேட்பவர்கள் இன்றும் உண்டு. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்தச் சொல்லுக்கு நம் ஊரில் இடமில்லை. மிளாவை மட்டுமல்லாமல் முயலைச் சுட்டாலும் அது குற்றமே.

காட்டுப்பன்றி விஷயத்தில் குழப்பம் அதிகம் என்பதால் அதைத் தனியாகச் சொல்கிறேன். 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு அறிவித்த ஏற்பாட்டின்படி, காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டர் வரை பன்றியைக் கொல்ல அனுமதி இல்லை. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டுக்குள் விடலாம். 3 கிலோமீட்டருக்கு அப்பால் சுடலாம், ஆனால் சுடுபவர்கள் வனத்துறையினராக இருக்க வேண்டும். தன் வாழைக்குள் புகுந்த பன்றியைத் தன் துப்பாக்கியால் சுடும் உரிமையை அந்த அறிவிப்பு விவசாயிக்குத் தரவில்லை. ‘அரசாங்கமே சுடச் சொல்லிவிட்டது’ என்ற டீக்கடைப் பேச்சை நம்பி உரிமத்துக்கு ஓடியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எஞ்சுபவை மூன்று தேவைகள்: தனித்த தோட்டவீட்டில் உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பு, உரிய அனுமதிக்கு உட்பட்ட பயிர்ப் பாதுகாப்பு, ரைபிள் சங்கத்தில் களிமண் தட்டு சுடும் விளையாட்டு. இவற்றில் எது உங்களுடையது என்பதைப் பொறுத்தே விண்ணப்பத்தின் வாசகமும், குழலின் நீளமும், வாங்கும் தோட்டாவும் அமையும் என்பதால்தான் இதை முதலில் எழுதச் சொல்கிறேன். அமெரிக்காவில் குடியேறி அங்கே முறையான அனுமதியுடன் வேட்டைக்குப் போகும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஐந்தாம் படி முதல் உள்ள தேர்வுக் குறிப்புகள் பொருந்தும். சட்டம் மட்டும் அவரவர் மாநிலத்துடையது.

2. நிலம் சரணாலயத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று பாருங்கள்

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி, ஒரு சரணாலயத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் புதிய ஆயுத உரிமம் வழங்குவதற்கு முதன்மை வன உயிரினக் காப்பாளரின் முன் இசைவு வேண்டும். அந்த எல்லைக்குள் ஏற்கெனவே உரிமம் வைத்திருப்பவர்களும் அவரிடம் பெயரைப் பதிவுசெய்துகொள்ள வேண்டும்.

களக்காடும் முண்டந்துறையும் பழைய சரணாலயங்கள். 1988இல் இரண்டும் சேர்ந்து புலிகள் காப்பகம் ஆயின. விக்கிரமசிங்கபுரம், மணிமுத்தாறு, சிவசைலம், களக்காடு என்று மலையடியை ஒட்டிய ஊர்கள் எல்லாமே ஏறத்தாழ இந்த 10 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். சமவெளியில் இருப்பவர்களும் அசட்டையாக இருந்துவிடக் கூடாது. கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம் நாங்குநேரிப் பக்கம் இருக்கிறது. இந்த இசைவு இல்லாமல் கோப்பு நகராது. காரணம் தெரியாமல் ஒருவர் ஓராண்டுக்கும் மேலாகத் தாலுகா அலுவலகத்துக்கு நடந்தார்.

இன்னொன்று, 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது. கடையம், ஆலங்குளம் பக்கத்தார் அப்பா காலத்துப் பழக்கத்தில் கொக்கிரகுளத்து ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய் நிற்கிறார்கள். அவர்களுடைய கோப்பு தென்காசிக்கு உரியது.

3. விண்ணப்பத்தில் துப்பாக்கியின் வகையைச் சரியாகக் குறிப்பிடுங்கள்

விண்ணப்பதாரருக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி ஏ-1 படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அடையாள, முகவரிச் சான்றுகளுடன் மருத்துவச் சான்று, ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்று, பாதுகாப்பாக வைத்துக்கொள்வேன் என்ற உறுதிமொழி ஆகியவையும் தேவைப்படும். காவல்துறை அறிக்கை வந்த பின்னரே உரிமம் வழங்கும் அதிகாரி முடிவெடுப்பார். நில ஆவணங்களை, பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பது உட்பட, முன்கூட்டியே சரிசெய்துவிடுங்கள். இறந்துபோன பெரியப்பா பெயரில் பட்டாவை வைத்துக்கொண்டு ‘என் வயல்’ என்று எழுதினால் விசாரணையில் அது அப்படியே திரும்பி வரும்.

பயிர்ப் பாதுகாப்புக்குக் கேட்பவர்கள் ஒரு சட்ட நுணுக்கத்தை அறிந்திருக்க வேண்டும். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 13ஆம் பிரிவில், பயிர்ப் பாதுகாப்புக்கென்று முதலில் சொல்வது குழல் வாய் வழியாக மருந்து திணிக்கும் பழைய வகைத் துப்பாக்கியைத்தான். அது போதாது என்று அதிகாரி கருதினால் மட்டுமே வேறு வழவழப்புக் குழல் (உள்ளே வரிகள் இல்லாத குழல்) துப்பாக்கிக்கு உரிமம் தரலாம். ஆகவே பம்ப் ஆக்‌ஷன் வேண்டும் என்பவர், பழைய வகை ஏன் போதாது என்பதற்கான காரணத்தை, நிலத்தின் பரப்பு, இரவுக் காவல், முந்தைய சேதப் புகார்கள் ஆகியவற்றோடு சேர்த்து விண்ணப்பத்திலேயே எழுத வேண்டும். ‘துப்பாக்கி தேவை’ என்று ஒரு வரி எழுதிவிட்டு வந்தவருக்கு மருந்து திணிக்கும் துப்பாக்கிக்குத்தான் உரிமம் வந்தது. கடையில் பார்த்துவைத்த பம்ப் ஆக்‌ஷனை அவரால் வாங்க முடியவில்லை.

2019இல் செய்த திருத்தத்துக்குப் பின் ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. உரிமத்தின் காலம் 5 ஆண்டு. தாத்தா விட்டுப்போன இரட்டைக்குழலும் அந்த இரண்டில் ஒன்றாகவே எண்ணப்படும்.

உரிமம் கைக்கு வருமுன் எந்தக் கடைக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள். உரிமத்தில் எழுதியிருக்கும் வகை மாறினால் அந்தப் பணத்தை வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

4. பம்ப் ஆக்‌ஷன் உங்களுக்கு வேண்டுமா என்று பாருங்கள்

பம்ப் ஆக்‌ஷனில் குழலுக்கு அடியில் இன்னொரு குழாய் இருக்கும். தோட்டாக்கள் அதற்குள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். முன்கட்டையைப் பின்னுக்கு இழுத்தால் காலித் தோட்டா வெளியே விழும். முன்னுக்குத் தள்ளினால் புதியது ஏறும். சுடுபவரின் கையே எல்லா வேலையையும் செய்வதால் தானாக ஏறும் வகையில் இது சேராது. தானாக ஏறும் துப்பாக்கிகள் தடைசெய்யப்பட்ட பிரிவில் வருகின்றன. அந்த ஆசையை இங்கேயே விட்டுவிடுவது நல்லது.

இரட்டைக்குழலைத் திறந்து மடக்கினால் உள்ளே தோட்டா இருக்கிறதா இல்லையா என்பது எதிரே நிற்பவருக்கும் தெரியும். பம்ப் ஆக்‌ஷனில் அது தெரியாது; குழாயில் நான்கு தோட்டா ஒளிந்திருக்கலாம். வீட்டில் சிறுபிள்ளைகள் இருந்து, வாரக்கணக்கில் தொடாமல் வைத்திருக்கப்போகிறவர் என்றால் என் யோசனை இரட்டைக்குழல்தான். அடிக்கடி பழகுவதற்கு நேரமும் இடமும் உள்ளவருக்கே பம்ப் ஆக்‌ஷன்.

5. குழலில் பொறித்திருப்பதைப் படியுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப்போகிறார்கள். மூன்று செய்திகளைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, குழலின் நீளம். சட்டப்படி 20 அங்குலத்துக்குக் குறைந்த வழவழப்புக் குழல் தடைசெய்யப்பட்ட வகையைச் சேர்ந்தது. அமெரிக்கக் காணொளிகளில் கொண்டாடப்படும் 18.5 அங்குலக் குழல் அங்கே சட்டப்படி செல்லும். இங்கே அது உங்களைச் சிறைக்கு அனுப்பும். அளக்கும் முறை இது: துப்பாக்கி காலி என்று உறுதிசெய்து, முன்கட்டையை முன்னே தள்ளி மூடிய நிலையில், ஒரு மரக்குச்சியைக் குழல் வாய் வழியாக உள்ளே முட்டும்வரை விட்டு, வாய் விளிம்பில் குறியிட்டு, வெளியே எடுத்து அளவுநாடாவில் பாருங்கள். 50.8 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. மேல் எல்லையையும் யோசியுங்கள். 28 அங்குலக் குழல் திறந்த வெளியில் பறக்கும் தட்டைச் சுட வசதியானது. வாழைக்கன்றுகளுக்கு நடுவே அதைத் தூக்கிக்கொண்டு இரவில் நடந்து பார்த்தால், இலைக்கு இலை முட்டிக்கொண்டு வருவது புரியும். நான் முதலில் வாங்கியது அந்த நீளத்தில்தான். தோட்டத்துக்கு 20 முதல் 24 அங்குலம் வரை தாராளமாகப் போதும்.

இரண்டாவது, தோட்டா உட்காரும் அறையின் நீளம். 70 மில்லிமீட்டர் அல்லது 2¾ அங்குலம் என்று பொறித்திருந்தால் நம் நாட்டுத் தோட்டாக்களுக்குப் பொருந்தும். 76 மில்லிமீட்டர் அறையில் 70ஐயும் பயன்படுத்தலாம். மாற்றிச் செய்வதில்தான் ஆபத்து இருக்கிறது. பழைய இரட்டைக்குழல்கள் பலவற்றின் அறை 65 மில்லிமீட்டர். தோட்டாவில் அச்சிட்ட நீளம் சுட்டபின் விரிந்த நிலையில் உள்ள அளவு என்பதால், சுடாத 70 தோட்டா 65 அறைக்குள் சுலபமாக நுழைந்துவிடும். சுடும்போது முனை விரிய இடமில்லாமல் உள்ளே அழுத்தம் ஏறிவிடும். புதுத் துப்பாக்கிக்கு வாங்கிய தோட்டாவை அப்பாவின் பழைய துப்பாக்கியில் போடும் பழக்கம் நம் வீடுகளில் சர்வசாதாரணம். இரண்டுக்குமான தோட்டாக்களைத் தனித்தனிப் பெட்டிகளில் வையுங்கள்.

மூன்றாவது, தயாரிப்பாளர் பெயரும் எண்ணும். அடையாள எண் அழிந்த துப்பாக்கி ஒருவரிடம் இருந்தால், வேறாக நிரூபிக்கப்படும்வரை அதை அழித்தவர் அவரே என்று கொள்ளப்படும் என ஆயுதச் சட்டத்தின் 8ஆம் பிரிவு சொல்கிறது. துப்பாக்கியிலும் ரசீதிலும் உரிமத்திலும் ஒரே எண் இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள்.

தயாரிப்பு என்று பார்த்தால், 12 போர் (போர் என்பது குழல் துளையின் அளவு; எண் கூடினால் துளை சிறுக்கும்) பம்ப் ஆக்‌ஷன் நம் பக்கத்திலேயே, திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையில் செய்யப்படுகிறது. 2021 முதல் அது அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் அண்ட் எக்விப்மென்ட் இந்தியா நிறுவனத்தின் கீழ் இருக்கிறது. ரெமிங்டன் 870, மாஸ்பெர்க் 500 போன்ற வெளிநாட்டுப் பெயர்கள் இங்கே பெரும்பாலும் பழைய இறக்குமதியாகவே கைமாறுகின்றன. உதிரிபாகம் எங்கே கிடைக்கும் என்ற கேள்விக்குக் கடைக்காரர் தெளிவாகப் பதில் சொல்லாவிட்டால், பெயருக்காக அவற்றை வாங்க வேண்டாம்.

6. தோளில் வைத்துப் பாருங்கள்

ரவை (தோட்டாவுக்குள் இருக்கும் சிறு உருண்டைகள்) சிதறும் துப்பாக்கியைக் குறிபார்த்துச் சுடுவதைவிடக் கண் போன திசையில் நீட்டிச் சுடுவதே வழக்கம். ஆகவே துப்பாக்கி உடலோடு பொருந்தாவிட்டால் எவ்வளவு நல்ல தயாரிப்பானாலும் ரவை வேறிடத்துக்குப் போகும்.

விசையிலிருந்து பின்கட்டையின் முடிவு வரையுள்ள நீளம் பெரும்பாலும் 14 அங்குலத்தை ஒட்டியே வருகிறது. ஐந்தடி நான்கு அங்குல உயரமுள்ள நம் ஆட்களுக்கு அது சற்று நீளம். கண்ணை மூடிக்கொண்டு, எதிர்ச்சுவரை மனத்தில் வைத்து, துப்பாக்கியைத் தோளுக்குக் கொண்டுபோய், பிறகு கண்ணைத் திறவுங்கள். குழலின் முனைமணி நேராகத் தெரிந்தால் பொருத்தம். குழலின் மேற்பகுதி மேடுபோல நீண்டு தெரிந்தால் கன்னம் உயரமாக உட்கார்ந்திருக்கிறது. முனைமணியே மறைந்தால் தாழ்வாக இருக்கிறது. பின்கட்டை கக்கத்தில் மாட்டிக்கொண்டால் நீளம் அதிகம். ஐந்து முறை செய்துபாருங்கள். ஒரு முறை பொருந்துவது தற்செயலாக இருக்கலாம்.

கடைக்குப் போகும்போது இரவுக் காவலுக்கு உடுத்தும் சட்டையோடு போங்கள். குளிர்நாட்டவர் தடித்த மேலங்கிக்கு இடம்விட்டுக் கட்டையைக் குட்டையாக்கச் சொல்வார்கள். நமக்கு மெல்லிய பருத்திச் சட்டைதான் என்பதால் அவர்களுடைய கணக்கு ஒத்துவராது. சட்டை மெல்லியது என்பதால் உதையும் தோளில் நேராக விழும். பின்கட்டையில் ரப்பர் மெத்தை உள்ளதைக் கேளுங்கள்.

இடது கைப் பழக்கமுள்ளவர்கள் பாதுகாப்புப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ரெமிங்டன் 870இல் அது விசைக்குப் பின்னே குறுக்காக இருக்கிறது. மாஸ்பெர்க் 500இல் மேலே, பெருவிரல் படும் இடத்தில் இருப்பதால் இரு கைக்கும் ஒன்றுதான். இடது தோளில் வைப்பவருக்கு அது பெரிய வேறுபாடு.

7. கடை மேசையில் சோதிக்கும் வரிசை

வரிசையை மாற்றாதீர்கள், ஒவ்வொன்றும் முந்தையதை நம்பித்தான் நிற்கிறது.

முதலில் முன்கட்டையைப் பின்னிழுத்து, தோட்டா அறையையும் அடிக்குழாயையும் கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிக் காலி என்று உறுதிசெய்யுங்கள். கடைக்காரர் இப்போதுதான் பார்த்தேன் என்றாலும் நீங்கள் ஒரு முறை பாருங்கள். அவர் நல்லவராக இருந்தால் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அடுத்து மெதுவாகப் பத்து முறையும் வேகமாகப் பத்து முறையும் இழுத்துத் தள்ளுங்கள். முன்கட்டை சற்று ஆடுவது இவ்வகையின் இயல்பு, அதைக் குறையாகக் கொள்ள வேண்டாம். மணல் அரைபடுவதுபோல உரசினாலோ ஓரிடத்தில் மட்டும் தடைபட்டாலோ வேறொன்றைக் கேளுங்கள்.

பிறகு, மூடிய நிலையில் விசையைத் தொடாமல் முன்கட்டையை இழுங்கள். அது திறக்கக் கூடாது. விடுவிப்புப் பொத்தானை அழுத்தினால் மட்டுமே திறக்க வேண்டும். பாதுகாப்புப் பொத்தானைப் போட்டுவிட்டு விசையை அழுத்துங்கள்; பின் பொத்தானை எடுங்கள். அந்த நொடியில் ‘டிக்’ என்று அடித்தால் அந்தத் துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டு எழுந்துவிடலாம்.

போலித் தோட்டாக்களைக் கொண்டு ஏறுவதையும் விழுவதையும் பார்ப்பது அடுத்தது. கடையில் இல்லை என்பார்கள், நீங்களே கொண்டுபோங்கள். உண்மைத் தோட்டாவை வைத்துக் காட்ட வந்தால் தடுத்துவிடுங்கள்.

கடைசியாகக் குழலைக் கழற்றச் சொல்லி வெளிச்சத்துக்கு நேரே பாருங்கள். உள்ளே தெரியும் வட்டங்கள் ஒழுங்காக ஒன்றுக்குள் ஒன்றாக இருக்க வேண்டும். ஓரிடத்தில் நிழல் நெளிந்தால் அங்கே உள்வாங்கல் இருக்கிறது. கழற்றி மாட்டுவதை உங்கள் கையாலேயே ஒரு முறை செய்துவிட்டுத்தான் பணம் கொடுங்கள்.

8. சோக்கும் தோட்டாவும்

குழல் வாயை ஒட்டி உள்ளே இருக்கும் சிறு குறுக்கத்தைச் சோக் என்பார்கள். 40 கஜத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் எத்தனை விழுக்காடு ரவை விழுகிறது என்பது அதன் கணக்கு: குறுக்கமே இல்லாத சிலிண்டரில் ஏறத்தாழ 40, நடுத்தரமான மாடிஃபைடில் 60, ஃபுல்லில் 70. ஃபுல் வாங்கினால் தூரம் போகும் என்று நினைப்பது பரவலான தவறு. தூரம் மாறாது, ரவை நெருங்கி விழும். பக்கத்தில் உள்ள இலக்கைத் தவறவிடும் வாய்ப்பும் அதனாலேயே கூடும். ஒரே ஒரு குழல்தான் என்றால் மாடிஃபைடு, அல்லது மாற்றிப் பொருத்தும் சோக் உள்ள குழல் என்பது என் தேர்வு.

தோட்டாவில் எண் கூடக்கூட ரவை சிறுக்கும். 6ஆம் எண் ரவை 2.6 மில்லிமீட்டர், எஸ்.ஜி. எனப்படும் பெரிய ரவை 8.4 மில்லிமீட்டர். மேல்நோக்கிச் சுட்டால் 6ஆம் எண் 200 மீட்டரைத் தாண்டும், எஸ்.ஜி. 600 மீட்டரைத் தாண்டிவிடும். அடுத்தடுத்து வயல்களும், விடியுமுன் நாற்று நடவுக்கு வரும் பெண்களும், கால்வாய்க் கரையில் குளிப்பவர்களும் உள்ள நம் பகுதியில் இந்தக் கணக்கை மறந்துவிட்டு எஸ்.ஜி. வாங்குவது பெரும்பிழை. எத்தனை தோட்டா வாங்கலாம் என்பது உரிமத்தில் எழுதியிருக்கும்.

20 போர்த் தோட்டா எதுவும் வீட்டில் இருக்கக் கூடாது. அது 12 போர் அறைக்குள் வழுக்கிச் சென்று குழலில் சிக்கிக்கொள்ளும். பின்னால் 12 போர்த் தோட்டாவும் ஏறிவிடும். சுட்டால் குழல் வெடிக்கும். 20 போருக்கு மஞ்சள் நிறம் வைத்ததே இதற்காகத்தான்.

9. வாங்கிய முதல் மாதம்

துப்பாக்கியை அதிகாரியிடம் காட்டி உரிமத்தில் பதிவுசெய்துவிட்டு, ரைபிள் சங்கத்தின் தளத்தில் மட்டும் சுட்டுப் பழகுங்கள். தோட்டத்தில் தேங்காய்ச் சிரட்டையை நிறுத்தி வைத்துச் சுடுவது பழக்கமாகாது, வழக்காகும்.

புதியவர்கள் எல்லோரும் செய்வது அரை இழுப்பு. துப்பாக்கி பழுதாகிவிடுமோ என்று பயந்து முன்கட்டையை மெல்ல, பாதி வரை இழுப்பார்கள். காலித் தோட்டா வெளியே விழாமல் சிக்கும். ‘துப்பாக்கி சரியில்லை’ என்று கடைக்குத் திரும்பக் கொண்டுவருவார்கள். முட்டும்வரை இழுத்து, முட்டும்வரை தள்ளுங்கள். போலித் தோட்டாக்களுடன் வீட்டிலேயே நூறு முறை செய்தால் கை தானாகப் பழகிவிடும்.

பாதுகாப்புப் பொத்தான் விசையை மட்டுமே தடுக்கிறது. கீழே விழுந்து அடிபட்டால் அது காக்கும் என்று நம்ப வேண்டாம். வரப்பில் நடக்கும்போது தோட்டா அறை காலியாகவே இருக்கட்டும்.

10. வீட்டில் வைப்பது

தோட்டாவும் துப்பாக்கியும் வெவ்வேறு பூட்டில். சாவி ஒருவரிடம் மட்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் வீட்டுச் சுவர்கள் வியர்க்கும். பஞ்சு வைத்த உறை அந்த ஈரத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்வதால், உறைக்குள்ளேயே வைத்த துப்பாக்கி மார்கழிக்குள் துருப்பிடித்துவிடும். உறை தூக்கிச் செல்வதற்கு மட்டும். வைப்பதற்கு மரப்பெட்டியோ இரும்புப் பெட்டியோ போதும். தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள்; அது சிக்குப்பிடித்து உறைந்து விசைப்பகுதியை இறுக்கிவிடும். துப்பாக்கி எண்ணெய் கிடைக்காத நாளில் தையல் இயந்திர எண்ணெயை மெல்லியதாகத் துடைத்துவிடலாம்.

தேர்தல் அறிவித்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். அங்கே அது மாதக்கணக்கில் கிடக்கும். ஒப்படைக்கும் முன் குழலின் உள்ளும் புறமும் எண்ணெய் பூசி, உறை இல்லாமல் உலர்ந்த துணியில் சுற்றி, எண்ணைக் குறிப்பிட்ட ரசீதை வாங்கி உரிமப் புத்தகத்தோடு வையுங்கள். திரும்ப வாங்கும்போது, ஏழாம் படியில் சொன்ன சோதனையை அங்கேயே, நிலைய மேசையிலேயே, முதலிலிருந்து செய்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.